பற்றைக்காட்டுக்கு எந்தத் துவக்கு?

குருநகரில் வலையைப் பற்றிக் கேட்டால் கண்ணளவு, நூலின் பருமன், எந்த ஆழத்துக்கு எது என்று நாள் முழுக்கக் கதைக்க ஆளுண்டு. துவக்கைப் பற்றிக் கேட்க வந்தவன் என் மருமகன் ஒருத்தன்தான், அதுவும் டொரோண்டோவிலிருந்து. பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்சும் எடுத்துவிட்டான். நவம்பரில் ஹாலிபேர்டன் காட்டில் மான் வேட்டையாம். "மாமா, நீங்கள் வன்னியில திரிஞ்ச ஆள்தானே. லீவர் துவக்கோ, போல்ட் துவக்கோ?"

திரிந்ததென்னவோ உண்மை. நெடுங்கேணிப் பக்கம் பாலையும் வீரையும் உயர்ந்து நிற்க, அடியில் சூரைப்பற்றை மண்டிக் கிடக்கும். முப்பது பாகத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பழைய வேட்டைக்காரர் கையில் இடியன் துவக்கு. குழல்வாயால் மருந்தைக் கொட்டி, தும்பை வைத்து இடித்து, ஈயக்குண்டைப் போட்டுத் திரும்ப இடிக்கவேண்டும். ஒரு வெடி தப்பினால் பன்றி அடுத்த ஊரில் நிற்கும். அதனால் விலங்கின் தோள் தெளிவாகத் தெரியும்வரை விசையில் விரல் போகாது. லைசென்சுள்ள சொட்கண்களை எண்பதுகளில் ஆயுத இயக்கங்கள் வீடு வீடாகச் சேர்த்துக்கொண்டு போன பிறகு அந்த வேட்டையும் போயிற்று. இங்கே மானும் மரையும் சட்டத்தின் காவலில் இருப்பவை, இருக்கவும் வேண்டும்.

லீவர் துவக்கு அப்படியொரு பற்றைக்காட்டுக்கென்றே வந்த சாமான் போலிருக்கும். ஜோன் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894இல் வந்தது, மார்லின் 336 1948இல். குழல் இருபது அங்குலம், எடை ஏழு இறாத்தல் அளவில். கொப்புகளுக்குள் சிக்காமல் தூக்கலாம். தோளிலிருந்து இறக்காமலே லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த சன்னம் தயார். என் மருமகன் இடக்கையன். வலப்பக்கக் கைப்பிடியுள்ள சாதாரண போல்ட்டோடு அவன் மல்லுக்கட்டத் தேவையில்லை. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

குறையும் உண்டு. குழலுக்குக் கீழேயுள்ள குழாயில் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்மூக்குச் சன்னம் போட்டால் அது முன்னாலுள்ள தோட்டாவின் வெடிமூடியில் குத்திக்கொண்டு நிற்கும். அது ஆபத்து. ஆகவே முப்பது-முப்பது தோட்டாவில் தட்டைமூக்குச் சன்னம். தட்டைமூக்குக் காற்றில் வேகமாகத் தளரும், நூற்றைம்பது யார் தூரத்துக்கு மேல் நம்பக்கூடாது. பற்றைக்காட்டில் அவ்வளவு தூரம் யார் பார்க்கிறார்கள்?

கனத்த, மெதுவான சன்னம் சுள்ளிகளை முறித்துக்கொண்டு நேரே போகுமென்று கடைக்காரன் சொன்னானாம். பொய். எந்தச் சன்னமும் கொப்பில் பட்டால் விலகத்தான் செய்யும். இடைவெளி கிடைக்காவிட்டால் சுடாதே என்றேன். அடுத்த வெடி கைக்குள் இருக்கும்போதுதான் முதல் வெடியில் அவசரம் வரும். இடியன்காரருக்கு அந்தச் சோதனை வந்ததில்லை.

பழைய வின்செஸ்டரில் தனிப் பூட்டு இல்லை. குதிரையைப் பாதியில் நிறுத்துவதுதான் காவல். வெற்றுத்தோட்டாவும் மேலே தெறிக்கும், தொலைநோக்கி பூட்டக் கரைச்சல். மார்லினில் வெற்றுத்தோட்டா பக்கத்தால் போகும். இவன் கண்ணாடி போடுகிறவன் வேறு, தொலைநோக்கி வேண்டும். மார்லினையே எடு, கையிருப்புப் பணத்தில் பாதியைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் வை, 400 சதுர அங்குல ஆரஞ்சு உடுப்பையும் ஆரஞ்சுத் தொப்பியையும் மறக்காதே என்றேன்.

"மான் விழுந்தா வத்தல் போட்டு அனுப்புறன் மாமா" என்கிறான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதைக் கொண்டு வந்து இறங்கப்போகிறவரின் பாடு.