ஹால் டாக்கீஸ்: ஒண்ணரை ஸ்பீடுல ஓடாத படங்கள்

இந்த வாரம் ஒரு கணக்கோட ஆரம்பிக்கலாமா? பயப்படாதீங்க, எம்-3 இல்லை. எட்டாங்கிளாஸ் கணக்குதான். 2 மணி 40 நிமிஷம் ஓடுற படத்தை ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓட்டினா எவ்வளவு நேரத்துல முடியும்? விடை, 1 மணி 47 நிமிஷம். மிச்சம் 53 நிமிஷம்! இந்தக் கணக்கை என் ஹாஸ்டல் ரூம்மேட் சொன்னப்போ அவன் முகத்துல பேங்க்ல பணம் போட்டுட்டு வந்த பூரிப்பு. "சரி, அந்த 53 நிமிஷத்துல என்னடா பண்ணினே?"ன்னு கேட்டேன். "ரீல்ஸ் பார்த்தேன்"னான்!

சிரிக்காதீங்க பாஸ்... உங்க போன்லயும் அந்த பட்டன் இருக்கு. செமஸ்டருக்கு முந்தின ராத்திரி லெக்சர் வீடியோவை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டிப் பழகின விரல், படம் போட்டாலும் அதே இடத்துக்குத்தான் போகுது. நெட்ஃப்ளிக்ஸ் 2019-ல் இந்த வேக பட்டனைச் சோதனை பண்ணினப்போ ஜட் அபடோ, பிராட் பேர்ட் மாதிரி ஹாலிவுட் டைரக்டர்கள் பொங்கி எழுந்தாங்க. கேட்டாங்களா? 2020-ல் பட்டன் வந்துடுச்சு.

வீட்டுல படம் பார்க்கிறதை யாரும் மட்டமா நினைக்க வேண்டாம். 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டர்ல ஓடலை. அதைத் தூக்கி நிறுத்தினது நம்ம வீட்டு ஹால்கள்தான். டி.வி-யில திரும்பத் திரும்பப் போட்டு, திரும்பத் திரும்பப் பார்த்து, இன்னிக்கு அந்தப் படத்தைப் பிடிக்கலைன்னு சொன்னா அடிக்க வருவாங்க. ஒரு விஷயம் கவனிச்சீங்களா... அப்போ கையில இருந்த ரிமோட்டால சேனலை மாத்தலாம், படத்தை விரட்ட முடியாது. நல்லசிவம் என்ன வேகத்துல பேசினாரோ, அந்த வேகத்துலதான் கேட்டாகணும்.

அதனால இந்த செமஸ்டர் லீவுல வீட்டுல பார்த்த நாலு படத்தையும் டைரக்டர் கொடுத்த வேகத்துலயே பார்த்தேன். ஸ்டார் போடுற விமர்சனமெல்லாம் இல்லை. ஹால்ல என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்றேன்.

12 ஆங்ரி மென்

1957-ல் வந்த கறுப்பு-வெள்ளைப் படம். சிட்னி லூமெட்டோட முதல் படம். 96 நிமிஷம். ஒரே ரூம், பன்னிரண்டு ஜூரிகள், சரியான வெக்கை, ஓடாத ஃபேன். அச்சு அசல் நம்ம இன்டர்னல் எக்ஸாம் ஹால்தான்! அப்பாவைக் கொன்னதா குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையனுக்கு மரண தண்டனையா, விடுதலையான்னு முடிவு பண்ணணும். முதல் ஓட்டுல 11 பேர் 'குற்றவாளி'ங்கறாங்க. ஒருத்தர் மட்டும் 'பேசிப் பார்ப்போமே'ங்கறார். அவ்ளோதான் கதை.

நேரம் ஆக ஆக அந்த ரூம் சின்னதாகிட்டே வர்ற மாதிரி நமக்கே மூச்சு முட்டும். லூமெட் கேமராவுல வேலை காட்டியிருக்கார். போகப் போக ஃபோக்கல் லெங்த் அதிகமான லென்ஸா மாத்தி, சுவரெல்லாம் பக்கத்துல நெருங்கி வர்ற மாதிரி பண்ணியிருக்கார். கேமராவையும் கொஞ்சம் கொஞ்சமா கீழே இறக்கியிருக்கார். மெல்ல மெல்ல நடக்கற விஷயம் இது. விரட்டினா காணாமப் போயிடும்.

ஒரு காட்சியில ஒரு ஜூரி, 'அந்தச் சேரி ஜனங்களே இப்படித்தான்'கிற மாதிரி கத்த ஆரம்பிக்கிறார். யாரும் பதில் பேசலை. ஒவ்வொருத்தரா டேபிளை விட்டு எழுந்து அவருக்கு முதுகைக் காட்டி நிக்கறாங்க. அவர் குரல் தானா தேயுது. ஒண்ணரை ஸ்பீடுல பார்த்தா, ஏதோ எல்லாரும் டீ பிரேக்குக்கு எழுந்து போற மாதிரி இருக்கும்!

சில்ட்ரன் ஆஃப் ஹெவன்

1997, ஈரான், மஜித் மஜிதி. தங்கச்சி கூட உட்கார்ந்து பார்த்தேன். ஏழாவது படிக்கிறா. பாரசீகப் படம்னதும், "எழுத்தெல்லாம் படிக்கணுமா?"ன்னு மூஞ்சைத் தூக்கினா. பத்தாவது நிமிஷத்துல, "நகருண்ணா, மறைக்குது"ன்னு என்னைத் தள்ளிட்டா.

தங்கச்சி ஸாராவோட ஷூவைத் தொலைச்சுடறான் அலி. புது ஷூ வாங்கித் தர்ற நிலைமையில அப்பா இல்லை. அதனால ஒரே ஜோடி ஷூவை ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு ஸ்கூல் போறாங்க. ஒரு ஓட்டப்பந்தயத்துல மூணாவது பரிசு ஷூன்னு தெரிஞ்சு அலி ஓடறான். முதலாவது வரக்கூடாது, ரெண்டாவதும் வரக்கூடாது, மூணாவதுதான் வரணும்! பார்க்கற நமக்கு நகம் காலி.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னாடி அவங்க அப்பாவோட சைக்கிள் ஒரு ஷாட்ல வரும். அதுல ரெண்டு ஜோடி புது ஷூ. வசனம் இல்லை, க்ளோசப் மியூசிக் இல்லை. வந்து போயிடும். தங்கச்சிதான் கத்தினா, "அண்ணா! அண்ணா! சைக்கிளைப் பாரு!" அலிக்கும் ஸாராவுக்கும் அது இன்னும் தெரியாது. பார்த்துட்டிருக்கற நமக்கு மட்டும்தான் தெரியும். கடைசி வரைக்கும் அந்த ரகசியத்தை வச்சுக்கிட்டு நாமதான் தவிக்கணும். அந்த ஒரு ஷாட் தவறினா, வேற படத்தைப் பார்த்துட்டு எழுந்திருப்போம்.

காக்கா முட்டை

2015, மணிகண்டன். இது அம்மாவுக்காகப் போட்டது. எங்க அம்மா படத்தை 'பார்க்கறது' ரொம்பக் கம்மி. ஒரு காது ஹால்ல, ஒரு கண்ணு குக்கர்ல. மூணு விசில் முடிஞ்சு வந்து, "என்னாச்சு? யாரு இவன்?"னு கேட்பாங்க. உங்க வீட்டுலயும் இதே சீன்தானே? 'எத்தனை தடவைம்மா சொல்றது'ன்னு நாமளும் எரிஞ்சு விழுவோம். காதாலேயே பாதிப் படம் பார்க்கற ஆளுக்கு, ஒண்ணரை ஸ்பீடுங்கறது கதவைச் சாத்தற மாதிரி.

இந்தத் தடவை அம்மா எழுந்தப்போ எல்லாம் பாஸ் பட்டனை அமுக்கினோம். பீட்சாவுக்கு ஏங்கற பேரன்களுக்காக ஆயா தோசைக்கல்லுலயே பீட்சா முயற்சி பண்ற காட்சியில அம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே... கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கடைசியில பசங்க பீட்சாவைத் தின்னுட்டு, 'ஆயா சுட்ட தோசையே தேவலை'ங்கற ரேஞ்சுக்கு மூஞ்சைச் சுளிச்சதும் என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கோ"ன்னாங்க. ஹாஸ்டல் மெஸ்ஸுக்கும் சேர்த்து வந்த தீர்ப்பு அது!

வீடு

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 1988, பாலுமகேந்திரா. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது, அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதுன்னு ரெண்டையும் வாங்கின படம். பாட்டே கிடையாது. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துல இருந்துதான் பின்னணி இசை. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னதும், தாத்தா வச்சிருக்கற மனையில சின்னதா ஒரு வீடு கட்டலாம்னு கிளம்பற ஒரு வேலைக்குப் போற பொண்ணோட கதை.

அப்பா பேப்பரை முகத்துக்கு நேரா விரிச்சு வச்சுக்கிட்டு, பார்க்காத மாதிரி பார்த்துட்டிருந்தார். கான்ட்ராக்டர் சிமென்ட் மூட்டையைத் திருடற விஷயம் வெளியே வந்ததும் பேப்பர் கீழே இறங்கிடுச்சு. "தம்பி, கொஞ்சம் நிறுத்து"ன்னார். எங்க வீடு கட்டினப்போ சிமென்ட் வந்து இறங்கின நாளெல்லாம் ராத்திரி அங்கேயேதான் படுத்தாராம். மூட்டைக்குப் பக்கத்துல கயித்துக் கட்டில், ஒரு டார்ச் லைட். காலையில அங்கிருந்தே குளிச்சுட்டு ஆபீஸ். எனக்கு அப்போ மூணு வயசு.

திரும்ப ஓட்டினோம். சொக்கலிங்க பாகவதர் நடிச்ச அந்தத் தாத்தா, பாதி கட்டின வீட்டைப் பார்க்க வர்றார். வசனமே இல்லை. நடக்கறார், பார்க்கறார், சுவரைத் தொட்டுத் தடவறார். இசை மட்டும் கூடவே போகுது. கதைச் சுருக்கம் எழுதச் சொன்னா, 'தாத்தா வீட்டைப் பார்க்கிறார்'னு மூணு வார்த்தையில முடிஞ்சுடும். ஆனா ஒரு வாழ்நாள் பூரா வாடகை கொடுத்த மனுஷனோட கை அந்தச் செங்கல்லுல நகரும்போது நம்ம கையும் சேர்ந்து நகருது.

யாரும் நிறுத்தச் சொல்லலை. அம்மா படத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க, "செயினை வச்சுத்தான் தளம் போட்டோம்." அப்பா, "அதான் மீட்கவே முடியலை"ன்னார். அவ்வளவுதான் பேச்சு.

நான் படிக்கிறது சிவில். கான்கிரீட்டோட வலிமையை 28-ம் நாள் சோதிக்கணும்னு எழுதி மார்க் வாங்கின ஆளு. தினமும் தலைக்கு மேல பார்க்கற தளம் எந்தச் செயின்ல நிக்குதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதைச் சொல்ல அவங்களுக்கு அந்த வசனமில்லாத ரெண்டு மூணு நிமிஷம் தேவைப்பட்டிருக்கு. படத்தோட முடிவைச் சொல்ல மாட்டேன். பார்த்துட்டு ரெண்டு நாள் தூக்கம் வரலைன்னா நான் பொறுப்பில்லை.

ஒண்ணரை ஸ்பீடுல வசனம் எதுவும் தொலையாது மக்களே. வார்த்தையெல்லாம் தெளிவாவே கேட்கும், கதையும் புரியும். தொலையறது சும்மா இருக்கற இடங்கள். படத்துல ஆளுங்க பேசாம இருக்கற அந்த இடத்துலதான் ஹால்ல இருக்கறவங்க பேச ஆரம்பிக்கறாங்க. தியேட்டர்ல பேசினா பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார். அந்த வசதி வீட்டுக்கு மட்டும்தான் உண்டு.

அதுக்காக எல்லாப் படத்தையும் கும்பிட்டு உட்காருங்கன்னு சொல்லலை. மொக்கைப் படமா, தாராளமா ஆஃப் பண்ணிட்டு எழுந்து போங்க. 53 நிமிஷம் என்ன, முழுசா 2 மணி 40 நிமிஷமும் மிச்சம்! பார்க்கறதுன்னு முடிவு பண்ணிட்டா மட்டும் விரட்டாதீங்க.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன அசைன்மென்ட். வைவா கிடையாது, பயப்படாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை, உங்க வீட்டுல ரொம்பக் கம்மியா பேசற ஆளு யாரோ, அவரைப் படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. ரிமோட்டையும் அவர் கையிலயே கொடுத்துடுங்க. எந்த இடத்துல நிறுத்தறார்னு மட்டும் கவனிங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்... வர்ட்டா!