இடக்கரடக்கலும் இளஞ்சிறாரும்

பாலியற் கொடுமையினின்று சிறாரைக் காத்தற்கெனப் படநூல்கள் பல இன்று வெளிவருகின்றன. எதனைத் தெரிந்துகொள்வதென ஆசிரியர் சிலர் என்னை வினவுகின்றனர்.

இடக்கரடக்கலை நன்னூலார் தகுதிவழக்கில் வைத்தார். அஃது அவைக்குரிய பண்பு, இந்நூல்களுக்கு ஆகாது. 'அந்த இடம்' என நழுவும் நூலாற் பயனில்லை. உறுப்பின் பெயரறியாக் குழந்தை தனக்குற்ற தீங்கை எச்சொல்லாற் கூறும்?

அயலானை மட்டும் பூதமாகத் தீட்டும் நூலையுந் தள்ளுக. தீங்கிழைப்போர் பெரும்பாலும் குழந்தை நன்கறிந்தவரே. பெரியோர்க்குப் பணிதலை மட்டும் போதித்தலும் குறையே. மறுக்கலாம், மறைக்காது சொல்லலாம், ஒருவர் நம்பாவிடின் மற்றொருவரிடஞ் சொல்லலாம், குற்றம் தன்னதன்று என்பனவற்றை நல்ல நூல் கற்பிக்கும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி எண்ணும் அதிலிருப்பின் மிக நன்று.

நூல் எத்துணைச் சிறந்ததாயினும், குழந்தை வாய்திறக்குங்கால் வெகுளாது, நாணாது செவிகொடுத்தல் நம் கடன்.