இளமரத்தில் கத்தி வைக்கலாமா?



ரப்பர் கன்று நட்ட மறு வருடமே யாராவது பால் வெட்டுவார்களா? ஐந்தாறு ஆண்டு பொறுத்து, அடிமரம் பருத்த பிறகுதான் கத்தி வைப்போம். முந்தினால் மரம் குன்றிப்போகும். இது நம் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய பாடமல்ல.

ஆனால் திருவிழாவிலும் கருமாதி வீட்டிலும், "ஆம்பளப் பிள்ளைதானே, ஒரு வாய் குடிக்கட்டும்" என்று பதினான்கு வயதுப் பையனிடம் மாமன் கிளாசை நீட்டும்போது மட்டும் சும்மா இருந்துவிடுகிறோம்.

பையன் உயரத்தில் அப்பாவை எட்டியிருக்கலாம். அவன் மூளை இன்னும் இளமரம்தான். ஆசையைத் தூண்டும் பகுதி முதலில் விழித்துக்கொள்கிறது. "வேண்டாம், பொறு" என்று தடுக்கும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முற்ற ஏறக்குறைய 25 வயதாகும். அதற்குள் மதுவோ, கஞ்சாவோ, பசை முகரும் பழக்கமோ அடிக்கடி சேர்ந்தால் நினைவாற்றல் குறையும், படித்தது மனத்தில் நிற்காது, முன்கோபம் வளரும்.

அமெரிக்காவில் 1997-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பின்னாளில் குடிக்கு அடிமையானதாகக் கண்டது. 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அது நூற்றுக்குப் பத்துப் பேர்தான்.

1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் முன்னோர், கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடும்படியும் கேட்டார்கள். இன்று நம் நெகிரி செம்பிலானில் நீலாய், லாபு பக்கத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் போயிற்று. போத்தல் மட்டும் நம்மோடு டவுனுக்கும் வந்துவிட்டது.

21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது 2017 டிசம்பர் முதல் நாட்டின் சட்டம். கடைக்காரரைச் சட்டம் தடுக்கும். வீட்டில் ஊற்றிக் கொடுக்கும் கையைத் தடுப்பது யார்? நாம்தான்.

பிள்ளை ஏற்கெனவே தொட்டுவிட்டானா? அடிக்காதீர்கள், ஊரறியத் திட்டாதீர்கள். தனியே உட்காரவைத்து, யாருடன், எதற்காக என்று கேளுங்கள். பழக்கம் முற்றியிருந்தால் அரசாங்க கிளினிக் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்திவிட்டால் இளமூளை தேறவும் வழியுண்டு.

அடுத்த விசேஷத்தில் அந்தக் கிளாஸ் நீளும்போது, "அண்ணே, அவன் இன்னும் வெட்டுக்கு வராத மரம்" என்று சொல்லி வாங்கி வையுங்கள். அண்ணனுக்குப் புரியும்.