கட்டை உருளும் ஓசை

விளையாட்டைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டுப் படித்தால் போதும். எட்ட இருக்கும் உறவினர் கூடி ஆடுவதற்கு ஒரு விளையாட்டை எவ்வாறு மாற்றிக்கொள்வது? கருவி செய்ய வேண்டுவது எது, மனிதன் செய்ய வேண்டுவது எது என்னும் பெரிய வினாவே அதனுள் அடங்கிக் கிடக்கிறது.

2020ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மும்மடங்கு ஊரடங்கு தொடங்கியது. சுமை தூக்குவோர் குரல் ஓயாத எங்கள் ஆரியசாலை ஊமையாயிற்று. ஆச்சி நாகர்கோவிலில், தாய்மாமா துபாயில், நாங்கள் இங்கே. களியக்காவிளையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். விடுமுறைதோறும் ஆச்சி வீட்டுத் தரையில் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையைக் காயாக வைத்துத் தாயம் ஆடுவது எங்கள் வழக்கம். அவ்வாண்டு அதற்கு வழியில்லை.

நானோ அறிவியல் மாணவன். கைப்பேசியில் ஆடும் தாயச் செயலி ஒன்றை எல்லோருக்கும் ஏற்பாடு செய்தேன். கட்டை உருட்டுவதும் அதுவே, காய் நகர்த்துவதும் அதுவே, வெட்டுவதும் அதுவே. இரண்டே நாளில் ஆட்டம் படுத்துவிட்டது. “மக்கா, அந்தப் பெட்டிக்கு என்மேல என்ன கோவம்? தாயமே விழ மாட்டேங்குதே!” என்றார் ஆச்சி.

நான் கணக்குச் சொன்னேன். 0, 1, 2, 3 என நான்கு முகமுடைய கட்டைகள் இரண்டும் 16 வகையாக விழலாம். அவற்றுள் தாயம் இரண்டே. அதாவது எட்டில் ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமற்போவது ஏறத்தாழ நான்கில் ஒரு தடவை நேரக்கூடியதே. ஆச்சி பொறுமையாகக் கேட்டார். “கணக்கு சரியாத்தான் இருக்கும். கட்டை உருளுற சத்தத்தைக் காணலியே மக்கா!”

அச்சொல் என் கண்ணைத் திறந்தது. செயலியை நீக்கினோம். மூன்று வீட்டிலும் கட்டம் வரைந்தோம். அவரவர் கட்டையை அவரவர் பித்தளைத் தட்டில் உருட்டுவது. எண்ணை உரக்கச் சொல்வது. மற்ற இரு வீட்டாரும் அந்தக் காயைத் தம் கட்டத்தில் நகர்த்துவது. பிசகு நேர்ந்தால் ஆச்சி வீட்டுக் கட்டமே சரி. இவையே எங்கள் சட்டம். இது புதுமையன்று. 1824 முதல் 1828 வரை இலண்டன் கழகமும் எடின்பரோக் கழகமும் அஞ்சலிலேயே சதுரங்கம் ஆடின.

சதுரங்கம் வேறு, தாயம் வேறு. இங்கு உருட்டியவர் சொல்லே சான்று, ஏமாற்ற இடமுண்டே என்பார் கணிதத் துறை நண்பர். உண்மை. ஒருவரையொருவர் நம்பாத இருவர் தொலைபேசியில் நாணயம் சுண்டுவதற்கு மானுவேல் பிளம் என்னும் அறிஞர் 1981இலேயே வழி கண்டார். எளிய வழியும் உண்டு. இருவரும் 0 முதல் 3 வரை ஓர் எண்ணை எழுதி ஒரே நொடியில் காட்டுவது. கூட்டி 4ஆல் வகுத்த மீதியே ஒரு கட்டையின் முகம். பந்தயம் கட்டுவோர்க்கு அது நன்று. குடும்பத்துக்கு வேண்டா என்பேன். ஏன்?

என் தந்தையாரும் மாமாவும் ஒரு நிலத் தகராற்றால் மூன்றாண்டுகளாகப் பேசியதில்லை. செயலியில் ஆடியபோதும் பேசவில்லை. பேசத் தேவையே எழவில்லை. கட்டம் தரைக்கு வந்த பின்னரோ, தந்தையாரின் காயை மாமா தம் கையால் நகர்த்தியாக வேண்டும். முதல் நாள் நானே இடைநின்று எண்ணைச் சொன்னேன். மறுநாள் தண்ணீர் குடிக்க எழுந்தேன். தட்டில் கட்டை உருண்டது. சற்று அமைதி. “எத்தனை அத்தான்?” என்றது மாமாவின் குரல். “அஞ்சு” என்றார் தந்தையார்.

கட்டை மாமாவின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் அவர் ஐந்து கட்டம் நகர்த்தினார். எல்லாவற்றையும் மெய்ப்பித்தே காட்டும் ஆட்டத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமேது?

தகராறு தீர்ந்துவிட்டது என்று கதை அளக்க மாட்டேன்; இன்றும் தீரவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

ஆகவே தோழர்களே, குரலையும் முகத்தையும் கொண்டுசேர்க்கும் பணியைக் கருவிக்குக் கொடுங்கள். உருட்டுவதையும் நகர்த்துவதையும் சச்சரவிடுவதையும் நம்மிடமே வைத்துக்கொள்வோம். விடுதி அறையில் ஒரு தட்டும் இரண்டு கட்டையும் இருந்தால் போதும். இன்றிரவே வீட்டுக்கு அழையுங்கள்.