பார்க் கொடுத்த பிரபு

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது தர்மம் செய்தார் என்று கேட்டால், கும்பிடுவதற்கு முன்னால் ‘இதுக்கு எதிர்ப்பக்க எண்ட்ரி எங்கே?’ என்று தேடுவான்.

எனக்கு அது முதல் வேலையில் தொற்றியது. சின்ன சாயக் கம்பெனி. அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட் உத்தியோகம். முதலாளி பக்திமான். கோயிலுக்கு சீலிங் ஃபேன் உபயம் செய்தார். மூன்று றெக்கையிலும் அவர் பெயர். (ஓடினால் பெயர் தெரியாதே என்று, ஃபேனைப் போட வேண்டாமென்று குருக்களிடம் சொன்னதாக ஆபீஸில் வதந்தி.) அதே மாதம் பதினோரு பேரின் ஓவர்டைம் காசு, ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ ஆனது. இரண்டு எண்ட்ரியையும் போட்டது நான்தான்.

ஓவர்டைம் என்றதும் ஓவர்ட்டூன் ஞாபகம் வருகிறார்.

ஸ்காட்லாந்துக்காரர். ஜான் கேம்ப்பெல் ஒயிட். 1843-ல் பிறந்து, 1893-ல் ஓவர்ட்டூன் பிரபு ஆனவர். கிளாஸ்கோ பக்கத்தில் ரூதர்க்ளென் ஊரில் குடும்பத்துக்குக் கெமிக்கல் ஃபேக்டரி. குரோமியத் தாதுவை வறுத்து, தோல் பதனிடவும் சாயம் போடவும் வேண்டிய பைக்ரோமேட் தயாரித்தார்கள். பணம் கொட்டியது.

மனுஷர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. சர்ச்சுக்குக் கொடுத்தார். ஆப்பிரிக்காவில், இன்றைய மலாவியில் இருந்த லிவிங்ஸ்டோனியா மிஷனுக்குக் கொடுத்தார். அங்கே கல்விக்கூடத்துக்கே அவர் பெயர். ரூதர்க்ளென் ஜனங்களுக்கு ஒரு பார்க்குக்கான நிலத்தையே தானமாக எழுதிக் கொடுத்தார். ஓவர்ட்டூன் பார்க். இன்றும் குழந்தைகள் விளையாடுகின்றன. நல்ல காரியம், சந்தேகமில்லை.

இது வரவு. பற்றுப் பக்கம் 1899-ல் வந்தது.

நிலக்கரிச் சுரங்கத்தில் பத்து வயதிலேயே இறங்கியவர் கெய்ர் ஹார்டி. தொழிலாளர் தலைவர். ‘ஒயிட்டின் அடிமைகள்’ என்கிற அர்த்தத்தில் பிரசுரம் போட்டார். பன்னிரண்டு மணி நேர வேலை. வாரம் ஏழு நாளும். சாப்பாட்டுக்கு இடைவேளை கிடையாது. மணிக்கு மூன்று, நாலு பென்ஸ் கூலி. வேடிக்கை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது என்று ஊருக்கு உபதேசம் செய்கிற கூட்டத்தில் பிரபு முக்கியப் புள்ளி!

அதைவிட மோசம் தூசி. குரோமியத் தூசி மூக்கின் நடுத்தடுப்பை அரித்து ஓட்டை போட்டுவிடும். ‘குரோம் ஓட்டை’ என்றே பெயர். நுரையீரல் புற்றுநோயும் வரும் என்பது பிற்பாடு நிரூபணமானது. வெளிறிப்போய் வீடு திரும்பும் அந்த ஆட்களை ஊரில் ‘ஒயிட்டின் செத்த மனுஷங்க’ என்பார்களாம்.

பிரசுரம் வந்ததும் சந்தி சிரித்தது. கொஞ்சம் சீர்திருத்தமும் நடந்தது. பிரபு 1908-ல் காலமானார். ஃபேக்டரியை 1960-களின் கடைசியில் மூடினார்கள்.

கணக்கை மூட முடிந்ததா? இல்லை. கழிவை லட்சக்கணக்கான டன் கணக்கில் சுற்று வட்டாரத்துப் பள்ளங்களில் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். 2021-ல்கூட அங்கே ஓர் ஓடை பச்சைப் பசேல் என்று ஓடியது. குரோமியம்! ஊருக்கு ஒரு பார்க் தானம். கூடவே கேட்காத ‘தானம்’ இது. அதில் மட்டும் பெயர் பொறிக்கவில்லை.

சிரிக்க வேண்டாம். தோல் பதனிடும் நம்ம ராணிப்பேட்டையிலும் 1990-களில் மூடிய குரோமேட் ஆலை, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுவிட்டுத்தான் போனது.

பிரபு கெட்டவரா? தெரிந்தே விஷம் வைத்தவர் மாதிரி தெரியவில்லை. கொடுக்கிற கை பெரிதாக இருந்ததில், கொடுக்க வேண்டிய கூலி கண்ணில் படவில்லை. அவ்வளவுதான். அது ரொம்ப சுலபம். எனக்குத் தெரியும்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தர், ஒரு சனிக்கிழமை ஜன்னலுக்கு வெளியே நின்று, “சார், என் பேர்ல ஏதாச்சும் வந்திருக்கா?” என்று கேட்டார். லெட்ஜரைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்துவிட்டு, “இன்னும் இல்லீங்க அண்ணே” என்றேன். தலைக்கு மேலே ஆபீஸ் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றியை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.