நன்றிப் பக்கம்

என் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன சித்தப்பா, பதினான்காம் அத்தியாயத்தில் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கைப்பிரதியை நண்பர்கள் நான்கு பேர் படித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பின்னட்டைக் குறிப்பே எழுதிக் கொடுத்துவிட்டார். சித்தப்பா பிழைத்து வந்தது யார் கண்ணிலும் படவில்லை. மெய்ப்பு பார்த்த அம்மாதான் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: ‘இவருக்குக் காரியமே முடிந்துவிட்டதே, சார்?’

நாவல் வெளிவந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஆண்டின் கடைசி இதழில் எல்லோருக்கும் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதுவது இந்தப் பத்திரிகையின் வழக்கம். இந்த முறை இரண்டு வரி போதாது. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டவன் நான் என்பதால் இந்தத் தலையங்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

அச்சகத்தில் டிசம்பர் எப்படி இருக்கும் என்பது சந்தாதாரர்களில் பலருக்குத் தெரிய வாய்ப்பில்லை. 1977இல் அண்ணா சாலை மதரசா-ஐ-ஆசம் பள்ளி வளாகத்தில் ஒரு சில கடைகளோடு தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிதான் இன்றைக்குத் தமிழ் எழுத்தாளனின் பஞ்சாங்கம். பிப்ரவரியில் படுத்தவன் அக்டோபரில் புரண்டு, நவம்பரில் எழுந்து, டிசம்பரில் ஓடுகிறான். என் நாவல் வந்த முறை காட்சி ஜனவரிக்குக் காத்திராமல் 2024 டிசம்பர் 27 அன்றே தொடங்கிவிட்டதால் ஓட்டம் இன்னும் கூடிப்போனது. அச்சகத்தில் என் நாவலுக்கு முன்னால் ஒரு சமையல் புத்தகம், ஒரு ஜோதிடம், இரண்டு கவிதைத் தொகுப்பு. கவிதைக்காரர்கள் இருவரும் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. 2015 வெள்ளத்தில் கிடங்குகளில் நனைந்து பாளம்பாளமாக ஒட்டிக்கிடந்த புத்தகங்களைப் பார்த்தவன் நான். அடுத்த ஆண்டுக் காட்சி ஜூன் வெயிலில் தீவுத்திடலுக்குத் தள்ளிப்போனது. அன்றிலிருந்து டிசம்பரில் மேகம் கறுத்தாலே எனக்கு அச்சடித்த பாரங்களின் நினைவுதான் வரும்.

என் நாவல் 19 பாரம், 304 பக்கம். இரவு பத்தரைக்கு அச்சகத்திலிருந்து போன். ‘ஒரு பக்கம் வெள்ளையா நிக்குது சார், என்ன பண்ண?’ அப்போதுதான் நன்றி நினைவுக்கு வந்தது. டீக்கடையில் நின்றபடி ஒரு பில்லின் பின்பக்கத்தில் 11 பெயர்களை எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். பக்கம் வடிவமைக்கும் தம்பி அதை அடித்து நேரே பிளேட்டுக்கு அனுப்பிவிட்டார். பதினொரு பேரில் பத்துப் பேர் மேடையில் பேசக்கூடியவர்கள். பதினோராவது என் மனைவி. சித்தப்பாவை இரண்டாம் முறை சாகடித்த அம்மாவின் பெயர் அதில் இல்லை. இல்லை என்பது எனக்குப் பத்து மாதம் தெரியவும் இல்லை.

அந்தப் பத்து மாதமும் நான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். இது விழாக்களின் காலம். அரசே 2022 நவம்பரில் திருநெல்வேலியில் பொருநையின் பெயரால் இலக்கியத் திருவிழாவைத் தொடங்கி, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆற்றுக்கு ஆறு கொண்டுபோனது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஈரோட்டில் 2005 முதல் நடந்துவரும் திருவிழாவுக்கு ஆகஸ்டில் குடும்பத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். விழாக்களைக் கேலி செய்வது சிற்றிதழ்க்காரனின் பரம்பரைத் தொழில். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. உண்டியல் காசை எண்ணி எண்ணிக் கொடுத்துப் புத்தகம் வாங்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தவனுக்குக் கேலி வராது. நாற்பது சந்தாதாரர்களோடு தொடங்கிய இந்தப் பத்திரிகையின் பெயரை ஒரு மாவட்ட ஆட்சியர் மைக்கில் சொன்னபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்?

இந்த ஆண்டு எனக்குக் கிடைத்தவை: பொன்னாடை ஏழு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நினைவுப் பரிசு நான்கு, ஒரு வெங்கலக் குத்துவிளக்கு. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தாருங்கள் என்று மு.க. ஸ்டாலின் கேட்டுக்கொண்ட பிறகு புத்தகம் தருகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். ஓர் ஊரில் என் நாவலையே எனக்குப் பரிசாகத் தந்தார்கள். வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன், வேறு என்ன செய்வது? இன்னோர் ஊரில் பயணப்படியை ‘அனுப்பிவைக்கிறோம் ஐயா’ என்றார்கள், இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பொன்னாடை போர்த்திக்கொள்ளவும் ஆகாது, தரை துடைக்கவும் ஆகாது. வீட்டில் தையல் மெஷினுக்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று என்று மூடிவைத்திருக்கிறார்கள்.

ஏழு மேடையிலும் நன்றியுரை என்று ஒன்று இருந்தது. ‘நேரம் கருதி’ என்று தொடங்கி அது முடிவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். ஆட்சியருக்கு, தாளாளருக்கு, ஒலிபெருக்கி அமைத்தவருக்கு, சிற்றுண்டி தந்தவருக்கு எல்லாம் அதில் நன்றி உண்டு. ஒலிபெருக்கிக்காரர் பெயர் சொல்லப்படுகிற அளவுக்கேனும் மேடை நாகரிகம் வளர்ந்திருக்கிறது. நூல் வெளியீட்டு மேடையில் நூலைத் தைத்தவர் பெயர் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை.

கம்பனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தன்னை ஆதரித்த சடையப்ப வள்ளலை நூறு பாட்டுக்கு ஒரு முறை காவியத்துக்குள் வைத்துப் பாடினானாம். அரங்கேற்றத்தில் புலவர்கள் முகம் சுளித்து, ஆயிரத்துக்கு ஒன்று போதும் என்றார்களாம். நூற்றில் ஒருவர் என்று நினைத்திருந்தேன், ஆயிரத்தில் ஒருவர் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள் என்று கம்பன் சமாளித்ததாகக் கேள்வி. தமிழில் நன்றியுரை எடிட் செய்யப்பட்ட முதல் சம்பவம் இதுவாகத்தான் இருக்கும். கதை நடந்ததோ இல்லையோ, சோறிட்டவன் பெயர் நூலுக்குள் நிலைத்துவிட்டது. அந்தக் காவியத்துக்கு ஓலை வாரி, நறுக்கி, துளையிட்டுக் கொடுத்த கைகளைப் பற்றி ஒரு கட்டுக்கதைகூட இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ஆசான் உ.வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியின் பக்கம் தன்னைத் திருப்பியதை அவர் எத்தனை விரிவாக எழுதினார் என்பது ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவருடைய முகவுரைகள். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று எழுதிவைத்தார். மரியாதைக்குச் சொல்லும் தொனி அதில் இல்லை. மளிகைக் கடைக்காரர் பேரேடு எழுதுவதுபோல் எழுதுகிறார். பின்னால் வருகிறவன் ஒரு பாடத்தைச் சந்தேகப்பட்டால் எந்த வீட்டுப் பரணிலிருந்து அது வந்தது என்று தேடிப்போக அந்தப் பேரேடு வழிகாட்டுகிறது. அப்படிப்பட்ட முகவுரை எழுத மூன்று வாரமாவது ஆகியிருக்கும். நான் டீ ஆறுவதற்குள் எழுதினேன்.

சி.சு. செல்லப்பாவுக்கு இந்தச் சங்கடமே இல்லை. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கி 119 இதழ் கொண்டுவந்தார். திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெரு வீட்டில் மெய்ப்பு பார்த்தவர், கட்டுக் கட்டியவர், முகவரி எழுதியவர், தபாலாபீசுக்குப் போனவர், புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியவர் எல்லாம் அவரே. தனக்குத்தானே எப்படி நன்றி சொல்வது? சாகித்திய அகாதெமி ‘சுதந்திர தாக’த்துக்கு விருது கொடுத்தது 2001இல். அவர் காலமானது 1998இல். அவரை நினைத்து உருகுவதைச் சிற்றிதழ்கள் ஒரு சடங்காகவே ஆக்கிக்கொண்டுவிட்டன. எங்கள் பத்திரிகையும் அதற்கு விலக்கல்ல. உருகுகிற எங்களில் எத்தனை பேர் எங்களுக்கு வேலை செய்தவர்களுக்கு ஒழுங்காகக் கூலி கொடுத்திருக்கிறோம்?

பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது. 2025 மே மாதம் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் கதைகள் சர்வதேச புக்கர் பரிசு பெற்றன. சிறுகதைத் தொகுப்பு ஒன்று அந்தப் பரிசைப் பெறுவது அதுவே முதல் முறை. நம் ஊர்ப் பாராட்டுக் கூட்டங்களில் எல்லாம் கன்னடத்தின் பெருமை பேசப்பட்டது. எனக்குப் பிடித்தது அந்தப் பரிசின் விதி: தொகை 50,000 பவுண்டு, எழுதியவருக்குப் பாதி, மொழிபெயர்த்தவருக்குப் பாதி. மொழிபெயர்த்த தீபா பஸ்திக்குப் பொன்னாடை போர்த்தி ஓரமாக உட்காரவைக்கும் ஏற்பாடு அதில் கிடையாது. யாருடைய உழைப்பில் புத்தகம் நம் கைக்கு வந்ததோ அவருடைய பங்கைக் காசோலையில் எழுதிவிடுகிறார்கள்.

இப்போது என் கணக்கு. மெய்ப்பு பார்த்த அம்மாவோடு பக்கத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. மூன்று மெய்ப்பு பார்த்தார். பாதித் தொகையை டிசம்பரில் கொடுத்தேன். மீதியை ஆகஸ்டில் கொடுத்தேன். இடையில் அவர் ஒரு முறை போன் செய்தார். பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ‘நாவல் நல்லா போகுதா சார்?’ என்றார். போகிறது என்றேன். அப்போது நான் ஒரு விழாவுக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். என் மடியில் போட்டிருந்த பையில் முந்தைய விழாவின் பொன்னாடை இருந்தது. அதே மாதத்தில்தான் வேறொரு பதிப்பகம் எனக்கு இரண்டாண்டாக ராயல்டிக் கணக்கு அனுப்பவில்லை என்று கோபத்தோடு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. நல்ல நடை. பதிப்பகத்தின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டால் அந்த அம்மா எனக்கு அனுப்பியிருக்க வேண்டிய கடிதம் அது.

பைண்டிங் கூடத்தில் பாரம் மடிக்கும் பெண்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அன்றன்றைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்று அச்சகத்தார் சொன்னார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுதக் கை வரவில்லை. நாவலின் அட்டை விலையை நான் முடிவு செய்தபோது தாள், பிளேட், அட்டை, கடைக்காரரின் கழிவு எல்லாவற்றுக்கும் கால்குலேட்டரைத் தட்டினேன். மடிக்கிற கைக்கு எவ்வளவு என்று தட்டிய நினைவில்லை.

தபாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிற்றிதழ்களும் சிறு பதிப்பாளர்களும் நம்பியிருந்த பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றது. 2025இல் பதிவுத் தபாலும் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. இதன் சுமையைச் சந்தாதாரர்கள் தலையில் முழுதாக ஏற்றும் எண்ணம் இல்லை, ஆனால் ஒரு பகுதியை ஏற்றத்தான் வேண்டும். எங்கள் ஊர்த் தபால்காரர், கதவு எண் மாறிவிட்ட மூன்று சந்தாதாரர்களை விசாரித்துக் கண்டுபிடித்து இதழைச் சேர்த்தார். சம்பளத்துக்கு அதைச் செய்யவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அடுத்த இதழ் முதல் இரண்டாம் பக்கத்தில் ஆசிரியர் குழுவின் பெயர்களுக்கு மேலே மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, நூல்கட்டு வேலை செய்தவர்களின் பெயர்கள் இருக்கும், அவர்கள் விரும்பினால். பெயர் வேண்டாம், பணத்தைக் காலத்தில் கொடுங்கள் என்று ஒருவர் இப்போதே சொல்லிவிட்டார். இதழ் அச்சான பத்து நாளில் எல்லோருக்கும் முழுத் தொகை போய்ச் சேரும். அதற்கு முன்பணமாக வெங்கலக் குத்துவிளக்கை விற்றிருக்கிறேன். விழாக்குழு நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டுக்கு நாவல் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஆசிரியர் பிரதிகளில் ஒன்றுகூட அவருக்கு அனுப்பப்படவே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு குழல்விளக்கு, யாருடைய முனைவர் பட்ட ஆய்வேடோ பாதி திருத்திய நிலையில். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தயார் செய்துகொண்டு போயிருந்த வாக்கியங்கள் பாதியில் நின்றன. அவர் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, வருத்தம் என்றும் சொல்லவில்லை. கையெழுத்திட்டு நான் நீட்டிய புத்தகத்தை வாங்கி, நன்றிப் பக்கத்துக்குத் திருப்பி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார். பிறகு மேசைமேல் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்தார்.

முதல் வரியிலேயே ‘நன்றிக்குறிய’ என்று இருந்தது. வல்லின றகரத்தைச் சுழித்து, ஓரத்தில் ‘ரி’ என்று எழுதினார்.

‘இந்தப் பக்கம் மட்டும் எனக்கு வரலையே சார்’ என்றார்.