கையெழுத்து நம்முடையது

போதை மறுவாழ்வு மையத்துக்குப் போன் போட்டதும் நாம் கேட்ட முதல் கேள்வி, 'மாசம் எவ்வளவு?' அடுத்தது, 'வண்டி அனுப்புவீங்களா?' பதிவு பெற்ற இடமா, மனநல மருத்துவர் எப்போதெல்லாம் வருவார், ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று விசாரித்தவர்கள் நம்மில் அபூர்வம். விடியற்காலையில் நாலு பேர் வந்து வீட்டு ஆம்பிளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவே பார்த்தது. 'இனியாவது திருந்தட்டும்' என்று கதவைச் சாத்திக்கொண்டோம். படிவத்தில் அவர் போடவேண்டிய கையெழுத்தையும் நாமே போட்டிருந்தோம்.

2001 ஆகஸ்டில் ஏர்வாடிக் காப்பகத்தில், சங்கிலியோடு கிடந்த மனநோயாளிகள் தீயில் கருகி 28 பேர் இறந்தபோது கொதித்தோம். அந்தக் கொதிப்பைக் குடிநோயாளி வரை கொண்டுபோகவில்லை. அவர்தான் திமிர் பிடித்துக் குடிக்கிறவராயிற்றே! 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்தது. எந்த விதத்திலும் சங்கிலி கூடாது, கட்டாய மொட்டை கூடாது, வற்புறுத்தி வேலை வாங்கக் கூடாது. தானாக வந்து சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட வேண்டும். நிலைமை மோசமென்று மருத்துவர் கருதினால் மட்டும், பரிசோதித்து முடிவெடுக்க 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். சுயமாக முடிவெடுக்க இயலாதவரை அவருடைய பிரதிநிதி சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். அதற்குமேல் வைத்திருக்க மருத்துவர்கள் மறுபடி பரிசோதிக்க வேண்டும், மனநல மறுஆய்வு வாரியம் அனுமதிக்க வேண்டும்.

நாம் 'மூணு மாச பேக்கேஜ்' எடுத்தோம். தங்கச்சி கல்யாணம் முடிகிற வரைக்கும் இன்னொரு மாசம் வெச்சுக்குங்க என்று கூடுதல் பணமும் கட்டினோம்.

2003 முதல் அரசே சில்லறைக் கடை வைத்து விற்கிறதே என்று டாஸ்மாக்கைத் திட்டுவதில் நமக்குச் சளைப்பே இல்லை. திட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கடை வாசலில் காட்டிய ஆவேசத்தில் கொஞ்சத்தை மையத்தின் வாசலில் காட்டியிருக்கலாம்.

நோயாளிக்கும் பொறுப்பு உண்டு, யார் இல்லை என்றது? மையத்தின் குழு ஆலோசனையில் இன்னொருவர் அழுது சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. சரக்கை உள்ளே கடத்தக் கூடாது. எல்லாவற்றையும்விட, எவ்வளவு குடிக்கிறோம், கடைசியாக எப்போது குடித்தோம், வேறென்ன மாத்திரை போடுகிறோம் என்று மருத்துவரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். பல வருடக் குடி சட்டென்று நின்றால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மருந்தின் அளவு அந்தப் பதிலை வைத்துத்தான் தீர்மானமாகும். அவரோ 'ஒரு குவாட்டர்தான் சார்' என்றார். மாமனாரும் மச்சானும் இரண்டு பக்கமும் நின்று முறைத்துக்கொண்டிருக்க, வேறென்ன சொல்வார்? தனியாகப் பேச அவருக்கு இருந்த உரிமையைப் பறித்துவிட்டுப் பொய் சொன்னதற்கு அவரையே ஏசினோம்.

மையத்துக்கு அனுப்பப் பணமில்லாதவர்களும், அனுப்பிக் களைத்தவர்களும் வேறு வழி தேடினோம். குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்துகொடுக்கும் மருந்து. அது என்ன பொடி, என்ன மாத்திரை என்று தெரியாமலே சிலர் கலந்தோம். டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்து ரசத்தில் போட்டவர்களும் உண்டு. நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதித்து, குடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்த பிறகே தரவேண்டிய மருந்து அது. அதைச் சாப்பிட்டவர் மேலே ஒரு கட்டிங் போட்டாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிச் சுருண்டு விழலாம். அப்படி விழுந்தவரை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம். என்ன சாப்பிட்டார் என்று டியூட்டி டாக்டர் கேட்டார். 'வெறும் வயித்துல குடிச்சிட்டார் சார்' என்றோம்.